குழாய் விழுங்கி வீடு திரும்பியவருக்கு இரவில் வலி வந்தால்?

நியூயார்க் நகரம். 2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந்தேதி இரவு. ஒரு சிறிய அரங்கம். மேடையில் ஒரு மூதாட்டி பேசுகிறார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது.

அந்த மூதாட்டியின் பெயர் ஜோன் ரிவர்ஸ். அமெரிக்காவில் அவரை அறியாதவர்கள் குறைவு. மேடையிலும் டெலிவிஷனிலும் பல ஆண்டுகள் சிரிப்பு மூட்டியவர். அப்போது அவருக்கு வயது 81.

மறுநாள் காலை அவர் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். குரல் மாறியிருந்தது. இரைப்பைப் புளிப்பு தொண்டைக்கு ஏறும் தொல்லையும் இருந்தது. தொண்டையையும் இரைப்பையையும் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. காலையில் போய் மதியம் வீடு திரும்புகிற வேலை.

அவர் வீடு திரும்பவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோதே மூச்சு தடைப்பட்டது. இதயமும் நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்தார். செப்டம்பர் 4-ந்தேதி உயிர் பிரிந்தது.

மூளைக்குப் பிராண வாயு போகாமல் ஏற்பட்ட சேதமே மரணத்துக்குக் காரணம் என்று நியூயார்க் நகர மருத்துவ அதிகாரி அலுவலகம் அறிவித்தது. மத்திய அரசாங்கத்தின் சோதனை அதிகாரிகளும் அந்த நிலையத்துக்குப் போய் ஏடுகளைப் புரட்டினார்கள். அவர்கள் எழுதியவை படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். ரத்த அழுத்தமும் நாடியும் சரிந்துகொண்டே வந்திருக்கின்றன. அதை உரிய நேரத்தில் கண்டுகொண்டு யாரும் செயல்படவில்லை! மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு நோயாளியின் எடையைக்கூடக் குறித்து வைக்கவில்லை. நினைவில்லாமல் படுத்திருந்தவரை ஒருவர் செல்போனில் படம் பிடித்திருக்கிறார்!

அந்த அறிக்கையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது குழாய் அல்ல. கவனக் குறைவுதான்.

வாள் விழுங்கியவரில் தொடங்கிய கதை

இதைப் படித்துவிட்டு "இனி எண்டோஸ்கோப்பியே வேண்டாம்" என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய தவறு. தினந்தோறும் உலகமெங்கும் ஏராளமானோர் இந்தக் குழாயை விழுங்குகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மதியமே வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இரைப்பைப் புண்ணையும் புற்றுநோயையும் முளையிலேயே பார்த்துச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

இந்தக் குழாய் வந்த கதையே விந்தையானது. 1868-ம் ஆண்டு ஜெர்மனி தேசத்தில் பிரைபுர்க் என்ற ஊரில் குஸ்மால் என்ற டாக்டர் இருந்தார். உயிரோடு இருக்கும் மனிதனின் இரைப்பையை எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நேரான உலோகக் குழாயை யார் விழுங்குவார்கள்? வித்தை காட்டும் ஒருவர் வந்தார். வாள் விழுங்குவது அவர் தொழில்! அவர் தொண்டைக்குள்தான் அந்தக் குழாய் முதலில் போயிற்று. ஆனால் உள்ளே போதிய வெளிச்சம் இல்லை. டாக்டர் அதிகமாக ஒன்றும் பார்க்க முடியவில்லை.

வளையும் குழாய்க்கு வழி காட்டியவர்களில் ஒருவர் இந்தியர். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. அவரும் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரும் லண்டனில் ஆராய்ச்சி செய்தார்கள். தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால், வளைந்த வழியிலும் படம் போகும் என்று 1954-ம் ஆண்டு காட்டினார்கள். அதை வைத்து அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் 1957-ல் வளையும் குழாயைச் செய்தார். செய்தவர் முதலில் யார் தொண்டையில் விட்டார் தெரியுமா? தன் தொண்டையிலேயே!

இன்று குழாயின் நுனியில் சிறு காமிராவே இருக்கிறது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருப்புகிறார். முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்துச் செய்த வேலைகளை இப்போது அதன் வழியாகவே செய்துவிடுகிறார்கள். ரத்தக் கசிவை அடைக்கிறார்கள். சதை முளையை வெட்டுகிறார்கள். பித்தக் குழாயில் சிக்கிய கல்லை இழுத்து எடுக்கிறார்கள்.

வேலை கூடக் கூட, வினையும் கொஞ்சம் கூடும். வெறுமனே பார்த்துவிட்டு வரும் குழாயால் ஆபத்து மிக அபூர்வம். இரைப்பைப் பரிசோதனையில் உள்ளே துளை விழுவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான். பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் அது ஏறக்குறைய ஆயிரம், இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு. ஆனால் சுருங்கிய உணவுக்குழாயை விரிக்கும்போதும், பெரிய சதை முளையை வெட்டும்போதும் அபாயம் அதைவிட அதிகம்.

அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு வலி தொடங்கும் என்றால், அதை முதலில் பார்க்கப் போகிறவர் டாக்டர் அல்ல. மனைவி. மகன். மருமகள். அவர்களுக்கு என்ன தெரியும் என்பதில்தான் பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கிறது.

"வாயுவாகத்தான் இருக்கும்!"

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளலாம். அப்பாவுக்குச் சில மாதங்களாகச் சோறு இறங்கவில்லை. உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று காலையில் எண்டோஸ்கோப்பி மூலம் விரித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரவு 9 மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்கிறார். கழுத்தைத் தடவிக் கொள்கிறார். எச்சிலை விழுங்கினால் முகம் சுளிக்கிறார்.

"குழாய் விட்டதில் காற்று போயிருக்கும். வாயுதான். ஓமத் தண்ணீர் கொடு" என்கிறார் பாட்டி. மகன் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கி வருகிறான். அடுத்த வீட்டு மாமா ஒரு வலி மாத்திரையை நீட்டுகிறார். "காலையில் பார்த்துக் கொள்ளலாம், இப்போது போய் டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று எல்லாரும் படுத்து விடுகிறார்கள்.

எல்லாருமே அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் செய்த மூன்றும் தவறு!

உணவுக்குழாயில் துளை விழுந்திருந்தால், விழுங்கிய ஒவ்வொரு வாய் தண்ணீரும் அந்தத் துளை வழியாக நெஞ்சுக்குள் இறங்கும். எச்சிலும் கிருமியும் கூடவே போகும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பக்கத்தில் சீழ் பிடிக்கும். சோடா அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். வலி மாத்திரையோ, அபாயச் சங்கின் வாயைத் துணியால் அடைப்பது போன்றது. "காலையில் பார்க்கலாம்" என்பது எல்லாவற்றிலும் கொடியது. 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதைத் தாண்டினால் அது நாழிகைக்கு நாழிகை குறையும்.

இதற்கு ஒரு வினோதமான அடையாளம் உண்டு. துளை வழியாகக் கசிந்த காற்று தோலுக்கு அடியில் ஏறும். கழுத்து சற்று உப்பும். அங்கே விரலால் மெல்லத் தொட்டால், பொரியை அழுத்தினாற்போல் நறநறவென்று இருக்கும். குரலும் மாறலாம். இதைக் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த அடையாளம் இல்லாவிட்டாலும், நெஞ்சிலோ கழுத்திலோ வலி ஏறிக்கொண்டே போனால் அதுவே போதும். காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கே என்ன செய்வார்கள்? எக்ஸ்ரே எடுப்பார்கள். சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வாய் வழியாக எதையும் கொடுக்காமல் நரம்பில் குளுகோஸ், சலைன் ஏற்றி, கிருமியைக் கொல்லும் மருந்தைச் செலுத்துவார்கள். துளை சிறியதாக இருந்தால், மறுபடியும் குழாயை விட்டுச் சிறு கிளிப் போட்டு மூடிவிடுவதும் உண்டு. பெரியதாகவோ நாள்பட்டதாகவோ இருந்தால் ஆபரேஷன்தான்.

எது சாதாரணம், எது ஆபத்து?

குழாய் விட்டவர் எல்லாருக்கும் கொஞ்சம் தொல்லை இருக்கத்தான் செய்யும். தொண்டை ஓரிரு நாள் எரியும். உள்ளே காற்று ஊதித்தான் பார்க்கிறார்கள் என்பதால் வயிறு உப்பும். ஏப்பம் வரும். காற்று பிரியும். பிரியப் பிரியச் சுகமாகும்.

இந்த இடத்தில்தான் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். காற்றினால் வந்த உப்புசம் நேரம் ஆக ஆகக் குறையும். துளையினால் வந்த வலி நேரம் ஆக ஆகக் கூடும். காற்று பிரிந்தாலும் அது அடங்காது. இருமினால், புரண்டு படுத்தால், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் உயிர் போகிறாற்போல் வலிக்கும். வயிறு பலகை மாதிரி கெட்டியாகும். காய்ச்சல் வரும். வாந்தி வரும். சிலருக்கு வயிற்றில் இருக்க வேண்டிய வலி தோள்பட்டையில் தெரியும்! உதரவிதானம் என்று வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சதை இருக்கிறது. கசிந்த காற்று அதன் அடியில் போய் முட்டும். அந்தச் சதைக்கும் தோளுக்கும் நரம்பு ஒன்றே. அதனால்தான் இந்த ஏமாற்று. தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெருங்குடலின் சுவர் சில மில்லி மீட்டர் கனம்தான். சதை முளையை மின்சாரக் கம்பியால் வெட்டி எடுத்த இடத்தில் சூடு பட்டிருக்கும். அந்த இடம் அன்றே ஓட்டையாகாமல், இரண்டு மூன்று நாள் கழித்து விட்டுப்போவதும் உண்டு. "பரிசோதனை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது, வியாழக்கிழமை வலிக்கு அது எப்படிக் காரணமாகும்?" என்று கேட்கக் கூடாது. ஆகும்.

ஓட்டை விழாமலே, சூடு பட்ட இடம் புண்ணாகிக் காய்ச்சலும் வலியும் வருவதும் உண்டு. அது மருந்திலேயே ஆறிவிடும். ஆனால் இது எது, அது எது என்று வீட்டில் இருந்தபடி சொல்ல யாராலும் முடியாது. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

ரத்தக் கசிவின் கதையும் இப்படித்தான். சதை முளை எடுத்தவருக்கு இரண்டு வாரம் வரை, எப்போதாவது அதற்குப் பிறகும், திடீரென்று ரத்தம் போகலாம். துடைக்கும்போது ஒரு துளி சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை. ரத்தக் கட்டியாகப் போனால், மறுபடி மறுபடி போனால், எழுந்து நின்றதும் தலை சுற்றினால், வியர்த்துக் கொட்டினால் அது அவசரம். மேலே இரைப்பையில் கசிந்தால் ரத்தம் பெரும்பாலும் சிவப்பாக வராது. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, துர்நாற்றத்தோடு போகும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். அதில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

ரத்தக் கசிவுக்கு இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது. மறுபடியும் குழாயை விட்டு, கசிகிற இடத்தில் ஊசி போடுவார்கள்; அல்லது கிளிப் மாட்டுவார்கள்; அல்லது சூடு வைப்பார்கள். ஆபரேஷன் வரை போகிறவர்கள் கொஞ்சம் பேரே.

கல் எடுத்தவருக்கு முதுகில் வலி

பித்தக் குழாயில் சிக்கிய கல்லை எடுக்கும் சிகிச்சைக்கு இ.ஆர்.சி.பி. என்று பெயர். இதில் வரும் தொல்லையை அபூர்வம் என்று சொல்ல முடியாது. நூறு பேரில் 3 முதல் 10 பேர் வரை கணையம் வீங்கித் துன்பப்படுகிறார்கள். பித்தக் குழாயின் வாயும் கணையக் குழாயின் வாயும் குடலில் ஒட்டினாற்போல் இருக்கின்றன. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அடுத்த வீட்டுக்காரருக்கும் தூக்கம் கெடுகிறது!

மேல் வயிற்றில் கடும் வலி. அது முதுகுக்கு ஊடுருவும். விடாத வாந்தி. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். பலருக்கு இது சில நாளில் அடங்கும். சிலருக்கு உயிருக்கே உலை வைக்கும். இதைத் தடுக்க ஆசனவாயில் வைக்கும் ஒரு சாதாரண மருந்து இருக்கிறது. இண்டோமெதாசின் அல்லது டைக்ளோபெனாக். விலை அதிகமில்லை. பலன் பெரிது. சிகிச்சைக்கு முன்பு "அந்த மருந்து வைப்பீர்களா, டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, கண் மஞ்சளானால் அது வேறு ஆபத்து. பித்தக் குழாயில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

அபூர்வத்திலும் அபூர்வம்

டாக்டர்களே வாழ்நாளில் ஓரிரு முறைதான் பார்க்கக் கூடியவை சில உண்டு. கொலோனோஸ்கோப்பியின்போது குடலோடு சேர்ந்து மண்ணீரல் இழுபட்டு கிழிந்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். இடப்பக்க விலாவிலும் இடத் தோளிலும் வலிக்கும்; முகம் வெளுக்கும். ஊதிய காற்று ரத்தக் குழாய்க்குள் நுழைந்து இதயத்தையோ மூளையையோ அடைப்பதும் உண்டு. இந்தப் பயத்தினாலும், வயிறு உப்புசம் சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதாலும், இப்போது பல இடங்களில் காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஊதுகிறார்கள். உடம்பு அதைச் சீக்கிரம் உறிஞ்சி மூச்சில் வெளியே விட்டுவிடும்.

தொண்டை மரத்துப் போக அடிக்கும் பென்சோகெயின் என்ற மருந்தினால் சிலருக்கு உதடும் நகமும் நீலமாகும். ரத்தம் சாக்லேட் நிறமாகும். பிராண வாயு கொடுத்தாலும் நீலம் போகாது. அதற்கு மாற்று மருந்து எது தெரியுமா? மெதிலின் புளூ என்ற நீல மருந்து! நீலத்தை நீலம் போக்கும் அதிசயத்தைக் கண்டுபிடிக்க, உதட்டைப் பார்க்கிற ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, குடலுக்குள்ளேயே வெடி! கதை அல்ல. 1979-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் அப்படி ஒரு மரணத்தை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். குடலைச் சுத்தம் செய்ய மானிட்டால் என்ற சர்க்கரைச் சரக்கு கொடுக்கப்பட்டிருந்தது. குடலில் உள்ள கிருமிகள் அதைத் தின்று, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கிவிட்டன. மின்சாரக் கம்பியின் சிறு பொறி பட்டதும் வெடித்தது. அதனால்தான் இப்போது பெரும்பாலும் கிருமிகள் தின்ன முடியாத வேறு மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். இந்தத் தண்ணீர் வாய்க்கு விளங்காது. பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கொல்லைப்புற வாழைக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாழைக்கு நல்லதோ என்னவோ, குடித்தவருக்கு நல்லதல்ல. சுத்தமாகாத குடலில் சதை முளையும் தெரியாது, வாயுவும் தங்கும்.

ஒரு வாய் காப்பி

ஆபத்தில் ஒரு பங்கு நோயாளிகளே கொண்டுவருவது. "வெறும் வயிற்றோடு வந்தீர்களா?" என்று நர்சு கேட்கிறார். "ஆமாம்" என்று தலையாட்டுகிறார் பெரியவர். விடியற்காலையில் குடித்த ஒரு டம்ளர் காப்பி அவர் கணக்கில் சாப்பாடு அல்ல! மயக்கத்தில் அந்தக் காப்பி வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் என்ன ஆகும்? குடித்ததைச் சொல்லிவிட்டால் பரிசோதனையைத் தள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் மறைத்தால் ரத்தம் கொட்டும். தானாகவே நிறுத்திவிட்டுப் போனால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது அடைத்துக்கொள்ளும். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்று இதய டாக்டரும் குழாய் விடும் டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் பட்டினி கிடக்கும் காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொள்வதும் இதே ரகம். ஆடும் பல், கட்டுப் பல், படுத்தால் பலமாகக் குறட்டை, பழைய மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தாரும் ஒரு கேள்வி கேட்கலாம். "மயக்கம் கொடுப்பவர் யார்? பரிசோதனை முடியும்வரை அவர் நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாரா?" கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தார்களே, அந்தச் சிறு கருவி இங்கேயும் விரலில் இருக்க வேண்டும். அதன் எண் இறங்கினால், கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு முகவாயை நிமிர்த்தி மூச்சு கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மிடாசோலம் என்ற மருந்தின் மயக்கத்தைத் தெளிய வைக்க மாற்று ஊசி உண்டு. ஜோன் ரிவர்ஸுக்குக் கொடுத்த புரோபபோல் என்ற மருந்துக்கு மாற்று ஊசியே கிடையாது. மருந்தின் வேகம் அடங்கும்வரை மூச்சைப் பிடித்து வைப்பதுதான் ஒரே வழி. அதற்கு ஆளும் முகமூடியும் பிராண வாயுவும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக் கொள்வாரோ என்று பலர் வாயைத் திறப்பதில்லை. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம் கழுத்தை நீட்டுவதற்கு முன்பு ஒரு முறை யோசிக்கலாம்.

நினைவில் நிற்காத உபதேசம்

இனி, ஆஸ்பத்திரிகளின் பக்கம் உள்ள குறைக்கு வரலாம்.

பரிசோதனை முடிகிறது. நோயாளி கண்ணைத் திறக்கிறார். டாக்டர் அவரிடமே, "வலி அதிகமானால் வர வேண்டும், காய்ச்சல் வந்தால் வர வேண்டும்" என்று சொல்கிறார். நோயாளி "சரிங்க டாக்டர்" என்கிறார். தெளிவாகத்தான் பேசுகிறார். ஆனால் மிடாசோலம் போன்ற மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. ஊசி போட்டபின் சில மணி நேரம் நடப்பது எதுவும் மனத்தில் பதியாது! வீட்டுக்கு வந்ததும் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "ஒன்றும் சொல்லவில்லையே" என்பார். பொய் அல்ல. அவர் மூளை அதை எழுதி வைத்துக் கொள்ளவே இல்லை. (அதனால்தான் அன்று முழுவதும் வண்டி ஓட்டவோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது என்கிறார்கள்.)

அப்படியானால் யாரிடம் சொல்ல வேண்டும்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மனைவியிடம். அந்த மகனிடம். அவர்களைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். இது எல்லா இடத்திலும் நடக்கிறதா? பல இடங்களில், பணம் கட்டிய ரசீது, வண்ணப் படம் ஒட்டிய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு மூன்றும்தான் அவர்கள் கைக்கு வருகின்றன. மூன்றும் இங்கிலீஷில்.

படம் அழகாக இருக்கிறது. ஆனால் இரவு 11 மணிக்கு வலி வந்தால் என்ன செய்வது என்று அந்தப் படம் சொல்லாது.

இதைச் சரிசெய்யக் கோடி ரூபாய் வேண்டாம். புதுக் கருவி வேண்டாம். ஒரு பக்கத் தாள் போதும். தமிழில், பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி அச்சிட்டு, கூட வந்தவர் கையில் கொடுத்து, ஒரு முறை வாசித்துக் காட்டச் சொன்னால் போதும். அதில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"இன்று உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பரிசோதனை செய்தோம். சதை எடுத்தோம் அல்லது எடுக்கவில்லை. தொண்டை மரமரப்பு போகும்வரை எதுவும் கொடுக்காதீர்கள். வயிறு உப்புசம் குறைந்துகொண்டே வந்தால் பயம் இல்லை. வலி கூடிக்கொண்டே வந்தால், நெஞ்சோ கழுத்தோ வலித்தால், மூச்சுத் திணறினால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், ரத்தம் போனால், மலம் தார்போல் கறுத்தால், மயக்கம் வந்தால் உடனே புறப்படுங்கள். தண்ணீரும் கொடுக்காதீர்கள். வலி மாத்திரை கொடுக்காதீர்கள். சதை எடுத்திருந்தால் இரண்டு வாரம் வரை கவனமாக இருங்கள். இந்தத் தாளைக் கூடவே கொண்டு வாருங்கள்."

கடைசி வரி முக்கியமானது. அவசரத்தில் போகும் ஆஸ்பத்திரி வேறாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. அது பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும். அங்கே இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு இந்த நோயாளி யார் என்று தெரியாது. "நெஞ்சு வலி" என்று சொன்னால் அவர் மாரடைப்பைத்தான் முதலில் நினைப்பார். அது அவர் குற்றமல்ல. "இன்று காலை உணவுக்குழாயை விரித்தார்கள்" என்ற ஒரு வாக்கியத்தைக் கூட வந்தவர் முதலில் சொல்லிவிட்டால், அவர் ஸ்கேனுக்கு அனுப்புவார். சொல்லாவிட்டால், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைக் கொடுத்துவிடவும் கூடும்.

அந்தத் தாளின் அடியில் ஒரு டெலிபோன் எண் இருக்க வேண்டும். பகலில் மட்டும் மணி அடித்து, இரவில் "தொடர்பு எல்லைக்கு அப்பால்" போய்விடும் எண்ணாக இருந்தால் பயனில்லை. வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன்பு, வாசலில் ஆட்டோ நிற்கும்போதே, "ராத்திரி இந்த எண்ணை யார் எடுப்பார்கள், சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக் கொள்ளலாம்.